எருமை நீந்திய ஆறு

ஏப்ரல் 9, புதன்

கண் சொட்டு மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் கீழே ஒரு கண் வரைந்திருக்கிறது. மூன்று மாதமாக அலமாரியில் கிடந்ததை இன்றுதான் எடுத்தேன். வெளியே சொல்ல முடியாத விஷயம் ஒன்று வந்துவிட்டால் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள். நான் கிளம்பினால் வழியிலேயே பூக்காரம்மாவிடம் சொல்லிவிடுவேன். என் வாய் அப்படி. அதனால்தான் டைரி.

மதியம் நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது 'அறை எண் 14' வாட்ஸ்அப் குழுவில் பிரேமலதாவின் குரல் பதிவு வந்தது. பாலிடெக்னிக் விடுதியில் என்னோடு அந்த அறையில் இருந்தவள். பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் கோயம்புத்தூர் திரும்பியிருக்கிறாள். இங்கத்திய வெயிலைப் பற்றி அவள் புலம்புவதைக் கேட்டால் மஸ்கட்டில் பனி பெய்தது என்றே நினைக்கத் தோன்றும்.

"கலா, ஷம்ஷாத், கேளுங்கடி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணை வீடு புடிச்சிருக்கேன். பெரிய நீச்சல்குளம் இருக்கு. மே பதினெட்டு, ஞாயித்துக்கிழமை. புருஷன், புள்ளைக எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துரணும். கலா, உனக்குத் தனியா ஒரு சேதி. எம் பையன் ஆதவன் மாவட்ட அளவுல நீச்சல்ல மெடல் வாங்கியிருக்கான். நீ பவானி ஆத்த நீந்திக் கடந்த கதையச் சொல்லித்தான் அவனுக்கு நான் சோறே ஊட்டுனேன். உன்கூடப் போட்டி போட்டே தீருவேங்கறான்."

உடுமலைப்பேட்டையில் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியையாக இருக்கும் ஷம்ஷாத், பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிற அதே பொறுப்போடு பதில் போட்டாள். "கலாகிட்டத் தோத்தா அவமானமே இல்ல தம்பி. அவ ஆடி வெள்ளத்துலயே போனவ."

எனக்கு நீச்சல் தெரியாது.

எழுதிவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

நடந்தது இதுதான். 1995 ஜூலை, விடுதியில் முதல் வாரம். பிரேமாவின் அப்பாவிடம் கார் இருந்தது. ஷம்ஷாத் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல். என்னிடம் சொல்லிக்கொள்ள எங்கள் ஊர் ஆற்றைத் தவிர ஒன்றும் இல்லை. "அப்ப உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று பிரேமா கேட்டாள். கேட்டது அவள் தப்பு. கூடுதுறைக்குக் கொஞ்சம் மேலே, ஆடி வெள்ளத்தில், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்காமல் நேராக அக்கரைக்குப் போன கதையை விளக்கு அணைகிற வரை சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போனது எங்கள் வீட்டு எருமை ராசாத்தி. நான் கரையில் நின்று பார்த்தேன். அந்த ஒரு விவரத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

மாலையில் காது வலி என்று ஏதாவது எழுதிவிடலாம் எனக் குழுவைத் திறந்தால், என் நம்பரிலிருந்து ஏற்கெனவே பதில் போயிருக்கிறது. 'நான் ரெடி. ஆதவன் ரெடியா?' பக்கத்தில் புஜத்தை முறுக்கிய கை பொம்மை வேறு. நான் எப்போது தட்டினேன்? இந்தப் போன் தானாகவே எதையாவது எழுதும் வகை. பாடக் குறிப்பு பார்க்க வேண்டும் என்று மகள் மிதுனா அரை மணி நேரம் வைத்திருந்தாள். கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும்?" என்றாள், தலை நிமிராமல். பாவம், எட்டாம் வகுப்புப் பரீட்சை நேரம்.

ஏப்ரல் 10, வியாழன்

டோக்கன் 42ஐ இரண்டு தடவை கூப்பிட்டேன். 43 சண்டைக்கு வந்தார்.

ஏப்ரல் 12, சனி

தப்பிக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன். இவர் வீட்டில் எண்பது தாண்டிய பெரியப்பா ஒருவர் இருக்கிறார். மே 17 அன்று அவரைச் சாகடிக்கலாம்தான். ஆனால் போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க அவரைத்தான் பயன்படுத்தினேன். நேற்று அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து, என் கையால் டோக்கன் வாங்கி, கண்ணைக் காட்டிவிட்டுப் போனார்.

தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் மிதுனா தோழியிடம் போனில் பேசுவது கேட்டது. "எங்கம்மாவாடி? ஆடி வெள்ளத்துலயே ஆத்தக் கடந்தவங்க. மெடல் வாங்குன பையனாம், வரட்டும் பாக்கலாம்."

தோசை கருகிவிட்டது. கருகினதை நானே சாப்பிட்டேன்.

ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? எனக்கு மூன்று அண்ணன்கள். மூவருக்கும் தெரியும். அவர்களோடு நானும்தான் தினமும் ஆற்றுக்குப் போவேன். அவர்கள் கழற்றிப் போட்ட துணிக்கும் செருப்புக்கும் நான் காவல். நாய் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரு செருப்புகூடத் தொலைந்ததில்லை. அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர்.

நாங்கள் இருக்கும் கோபியில் ஒரு நீச்சல் பயிற்சிக் குளம் இருக்கிறது. அங்கே போனால் நான் நனைவதற்கு முன்னால் சேதி வீட்டுக்குப் போய்விடும். ஊரில் பாதிப் பேர் என் கவுண்டரில் வந்து நின்றவர்கள்.

பாக்கி இருப்பது ஒரே ஒரு வழி. அதற்கு ரேணுகாவிடம் போய் நிற்க வேண்டும். அதற்குப் பெரியப்பாவைச் சாகடிப்பதே மேல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ரேணுகாவிடம் போய் நின்றேன்.

என் கொழுந்தனார் சிவசாமியின் மனைவி. ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் இருக்கிறார்கள். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு, கல்யாணம் காட்சியில் 'வாங்க', 'சாப்டீங்களா' என்ற அளவில்தான். காரணம் நான். ஒரு காதுகுத்து விருந்தில், "ரேணு இருக்கறப்ப மைக் செட்டு எதுக்குங்க?" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காலையிலிருந்து மாலை வரை டோக்கன் நம்பர் கத்தியே சம்பளம் வாங்குகிறவள் நான். நான் சொன்னேன் பாருங்கள்.

"மாவடு இருக்குமா ரேணு? ஊறுகா போடலாம்னு வந்தேன்."

"மாவடெல்லாம் போன மாசமே முத்திப் போச்சுங்களே அக்கா."

"அப்ப மாங்கா."

"மாங்கா குடுக்கறேன். வந்த சேதியச் சொல்லுங்க. மூணு வருசமா வராதவங்க மாங்காய்க்கா வந்தீங்க?"

சொன்னேன். எருமை வரை எல்லாவற்றையும். அவள் சிரித்த சிரிப்பில் கிணற்றுப் பொந்துகளில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. மைக் செட்டு பற்றி நான் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

"சரிங்க்கா. புதன்கிழமை காத்தால அஞ்சரைக்கு வாங்க. பழைய துணி எடுத்துட்டு வாங்க. அந்த வாய மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க. தொறந்தா தண்ணி குடிச்சுருவீங்க."

மூன்று வருஷம் காத்திருந்து சொல்லியிருக்கிறாள். நன்றாகத்தான் சொன்னாள். வாங்கிக்கொண்டேன், மாங்காயோடு சேர்த்து.

ஏப்ரல் 16, புதன்

இன்று செத்துப் பிழைத்தேன்.

வட்டக் கிணறு. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருப்பதால் நன்றாக நிறைந்து கிடக்கிறது. ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். "அது எதுக்குங்க உங்களுக்கு? நீங்க மேலதானே போகப் போறீங்க?" என்றாள். கிணற்றுச் சுவரில் இரும்புப் படிகள் இருக்கின்றன. துருப்பிடித்து, மெலிந்து, என் எடையைப் பார்த்துப் பயந்த மாதிரி முனகின.

காலி எண்ணெய்க் கேன் இரண்டை என் முதுகில் கட்டினாள். இடுப்பில் ஒரு கயிறு. குதிக்கும்போது நேராகக் குதித்தால் கேன் பின்மண்டையில் அடிக்குமாம். அதனால், "நெஞ்சக் குடுத்து விழுங்க, படுக்கைல விழற மாதிரி" என்றாள். விழுந்தேன். போட்டிருந்த நைட்டிக்குள் காற்றுப் புகுந்து அப்படியே எழும்பிவிட்டது. கிணற்று நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பலூன், அதன் உச்சியில் என் தலை. ரேணு படியில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாளையிலிருந்து இவருடைய பழைய டிராக் பேண்ட்.

பாடம் ஒன்றே ஒன்றுதான் நடத்தினாள். "காலக் கீழ தேடாதீங்க. தேடுனாப் பயம் வந்துரும். கீழன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு நெனச்சுக்குங்க. செவுத்த ஒட்டியே சுத்துங்க. முடியலைன்னா மோட்டார்க் கொழாயப் புடிங்க. கொழாயத் தவுர வேற கதி இல்ல."

நான் குழாயைப் பிடித்தேன். முக்கால் மணி நேரம் பிடித்தேன்.

ஏப்ரல் 19, சனி

கிணற்றுப் படியில் சறுக்கி முட்டியில் தோல் பெயர்ந்துவிட்டது. பாத்ரூமில் விழுந்தேன் என்று இவரிடம் சொன்னேன். இவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிற கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க மோட்டார்களோடு பழகி, மோட்டாரைப் போலவே தேவைப்பட்டால்தான் சத்தம் போடுவார். காயத்தைக் கழுவி மருந்து போட்டார். காயத்திலிருந்து துரு மாதிரி ஏதோ பொடியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "டிடி ஊசி போட்டுக்க" என்றார். அவ்வளவுதான்.

தினமும் விடியலில் மாங்காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாங்காயும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மாங்காய்ப் பச்சடி, மாங்காய்ச் சாம்பார், மாங்காய் ரசம். இன்று சாப்பிடும்போது இவர் கேட்டார். "ரேணு தோட்டத்துல அந்த மாமரம் இன்னும் நிக்குதா?"

ஏப்ரல் 21, திங்கள்

இவருடைய நீலச் சட்டையில் முழங்கை வரைக்கும் சிவப்புப் பெயின்ட். இரும்புக்கு அடிப்பார்களே, அந்த ரெட் ஆக்சைடு. காயில் கட்டுகிறவருக்கு இது எங்கிருந்து வந்தது? எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. போகவில்லை. முக்கால் மணி நேரம் திட்டினேன். "கடையில ஒரு வெல்டிங் வேலை" என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருந்தது என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

முட்டி ஆறட்டும் என்று மூன்று நாள் போகவில்லை. இன்று போனால், கிணற்றுப் படிகளை யாரோ புதிதாக வெல்டிங் வைத்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் கொடுத்து, பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "சிவசாமி செஞ்சாரா?" என்று கேட்டேன். "ஆமாங்க்கா, செஞ்சாங்க" என்று ரேணு வேறு பக்கம் பார்த்தாள். பத்து வருஷமாகச் சொல்லியும் மாட்டுக் கொட்டகைக் கதவைச் சரிபண்ணாத மனுஷன். கொழுந்தனாரைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு.

ஒரு கேனைக் கழற்றிவிட்டாள். பாதிக் கிணறு சுற்றினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முழுச் சுற்று. ஒரு கேனோடுதான். இருந்தாலும் முழுச் சுற்று.

நீந்தி முடித்து ஈரத்தோடு தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தோம். ரேணு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கொடுத்தாள். எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல பசங்க இல்லீங்களே அக்கா. நாலும் பொண்ணு. கெணத்துல வாளி விழுந்தா யாரு எடுக்கறது? எங்கப்பா என்னைத்தான் தூக்கிப் போட்டாரு. மொதல்ல கண்ட மேனிக்குத் திட்டுனேன், அப்பறம் வாளியோட வந்தேன்."

"எங்க வீட்டுல மூணு பசங்க ரேணு."

"அதான் பாருங்க, உங்களுக்கு வாளி எடுக்கற வேலை வரல."

"செருப்புப் பாத்துக்கற வேலை வந்துச்சு" என்றேன். சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நான் அந்தக் காதுகுத்து விஷயத்தை எடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். "மாங்காயத் தின்னுங்க" என்றாள். தின்றேன். மாங்காய் புளிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏப்ரல் 30, புதன்

குழுவில் பிரேமா, ஆதவன் நீந்துகிற வீடியோ போட்டாள். மீன். நான் மாங்காய் ரசத்தில் கவனம் செலுத்தினேன்.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். கேன் இல்லை. கயிறும் இல்லை.

விழுந்தேன், மேலே வந்தேன், கையை வீசினேன். தண்ணீர் என்னைத் தாங்கியது. எண்பத்திரண்டு கிலோவை முனகாமல் தாங்கியது. என் வாழ்க்கையில் ஒரு நாற்காலிகூட அப்படித் தாங்கியதில்லை. சுவரை ஒட்டி இடப்பக்கமாகவே சுற்றிக் குழாயைப் பிடித்தபோது மேலே பார்த்தேன். வட்டமாக வானம். விளிம்பில் ரேணுவின் தலை.

"எப்படி ரேணு?"

"எருமை மாதிரியே போறீங்க்கா. தலையத் தூக்கிக்கிட்டு, மூக்க மட்டும் வெளிய வெச்சுக்கிட்டு."

என்னைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை.

மே 11, ஞாயிறு

பன்னிரண்டு சுற்று. ரேணு கல் வைத்து எண்ணினாள்.

விடுதியில் எங்கள் அறையில் நான்கு கட்டில்கள். நான்காவது கட்டில்காரி சேர்ந்த முதல் மாதமே கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். மூன்று வருஷம் அந்தக் கட்டிலில் அழுக்குத் துணிதான் குவிந்து கிடந்தது. "நீயும் பொள்ளாச்சிக்கு வா ரேணு" என்றேன். "உங்க சினேகிதிங்க நடுவுல நான் என்னத்துக்குங்க? என்ற சத்தம் வேற பெருசு" என்றாள். "சத்தத்துக்குத்தான் கூப்பிடறேன். எனக்குத் தண்ணிக்குள்ள காது கேக்காது" என்றேன்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள்.

மே 17, சனி

புளிச்சோறு கிளறி, முட்டை வேகவைத்து, துண்டுகள் எடுத்துவைத்தாயிற்று. தலைக்கு டை அடித்தேன். கிணற்றில் யாரும் பார்க்கவில்லை. நாளை எல்லோரும் பார்ப்பார்கள். முடியாவிட்டால் காது வலி. முடிவு பண்ணிவிட்டேன், காது வலிதான். பஞ்சு எடுத்துவைத்துக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு

கை வலிக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தென்னந்தோப்புக்கு நடுவில் நீலமாக நீச்சல்குளம். ஓரத்தில் பலகை: 'ஆழம் நான்கரை அடி'. அதைப் படித்துவிட்டு ரேணுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இதுல எங்க எருமை உக்காந்தா முதுகு நனையாதுங்க்கா" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னது தோப்பு முழுக்கக் கேட்டது. நல்லவேளையாக யாருக்கும் விளங்கவில்லை.

பிரேமா கட்டிப்பிடித்தாள். அவள் உடம்பு ஏறியிருக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஷம்ஷாத் தன் இரண்டு மகள்களோடு வந்திருந்தாள். ரேணுவை அறிமுகப்படுத்தினேன். "நாலாவது கட்டிலுக்கு ஆள் வந்தாச்சு" என்றாள் ஷம்ஷாத். தலைமையாசிரியை, ஒரே வரியில் சேர்க்கை முடித்துவிட்டாள்.

ஆதவன் பன்னிரண்டு வயசு. குளத்தின் ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் ஏறினான், கத்தி மாதிரி. ஏறி வந்து என் முன்னால் நின்றான். "ஆன்ட்டி, நீங்க எப்ப வர்றீங்க?"

"காது லேசா வலிக்குது கண்ணு" என்றேன். பஞ்சு வைத்த காதைக் காட்டினேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. பிரேமா, "பரவால்ல விடுடா, ஆன்ட்டிக்கு முடியலையாம்" என்றாள். முடிந்தது. முப்பது வருஷப் பொய், ஒரு விரல் பஞ்சில் தப்பிவிட்டது. ஆம்பளைகள் மூவரும் கட்டிலைப் போட்டுக்கொண்டு நிழலில் அரசியல் பேச ஆரம்பித்தார்கள். நாங்கள் நான்கு பேரும் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் மிதுனாவைப் பார்த்தேன்.

குளத்தின் மறுபக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆதவனின் துண்டு, பனியன். பக்கத்தில் நான்கு செல்போன், ஒரு கைக்கடிகாரம். காலடியில் எல்லோருடைய செருப்பும் ஜோடி ஜோடியாக. யார் அடுக்கச் சொன்னார்களோ தெரியாது. எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்தாள். ஒரு நாய் அந்தப் பக்கம் வந்தது. "சூ" என்று விரட்டிவிட்டு, மறுபடி ஒரு செருப்பைத் தொட்டு நேராக வைத்தாள்.

நான் காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். எனக்கு மைனஸ் ஐந்து. கண்ணாடி இல்லாவிட்டால் உலகம் எனக்கு எண்ணெய் தடவிய படம்.

"எங்கடி போறே?" என்றாள் பிரேமா.

"வலி போயிருச்சு."

நெஞ்சைக் கொடுத்து விழுந்தேன். அந்தச் சத்தத்தில் தோப்பில் ஒரு தேங்காய் விழுந்ததாக ஷம்ஷாத் பிறகு சத்தியம் பண்ணினாள். ஆதவன் பக்கத்தில் குதித்தான். அவன் நேராகப் போனான். நானும் நேராகத்தான் போக நினைத்தேன். ஆனால் கைக்கு நினைப்பு வேறு. ஒரு மாதமாகச் சுவரை ஒட்டி இடப்பக்கமாகவே சுற்றிய கை. மூலைக்கு மூலை திரும்பி, குளத்தின் நான்கு சுவரையும் ஒட்டி வந்துகொண்டிருக்கிறேன். ஆதவன் எப்போதோ மறுமுனையைத் தொட்டுவிட்டான். எனக்குத் தெரியாது.

ஒரு சுற்று முடிந்தது. நிறுத்தலாம் என்று குழாயைத் தேடினேன்.

குழாய் இல்லை.

நீச்சல்குளத்தில் எவன் மோட்டார்க் குழாய் வைப்பான்? ஒரு படி, ஒரு கம்பி, ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. வழுவழுவென்று நீல ஓடுகள்தான். இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. பலகையில் நான்கரை அடி என்று படித்தது என் தலைதான். காலுக்கு யார் சொன்னார்கள்? 'கீழன்னு ஒண்ணு இல்லவே இல்ல' என்று ஒரு மாதமாகக் காலுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள் ஒருத்தி. கால் நன்றாகப் படித்துவிட்டது.

ஐந்து. ஆறு. கரையில் எல்லோரும் எழுந்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது. ஆதவன் நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, ஆன்ட்டி நிக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டான்.

"ஆத்தக் கடந்தவ. இந்தக் குளமெல்லாம் அவளுக்கு எந்த மூலைக்கு?" என்றாள் பிரேமா.

"பாருடி, அன்னைக்கு ராத்திரி சொன்ன மாதிரியே போறா. மூக்க மட்டும் வெளிய வெச்சுக்கிட்டு" என்றாள் ஷம்ஷாத்.

எட்டு. ரேணுவின் குரல் தோப்பைப் பிளந்தது. "அக்கா, காலு... காலு..." தண்ணீரில் பாதிச் சொல் கரைந்துவிட்டது. வேகமாகக் காலை அடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்து வேகமாக அடித்தேன். ஒன்பது. பத்து. யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு ராசாத்தி ஞாபகம் வந்தது. அந்தப் பாவி மாடும் அன்றைக்கு வீரத்தில் போகவில்லை போலிருக்கிறது. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல்தான் அக்கரை வரைக்கும் போயிருக்கிறது.

பதினோராவது சுற்றில் பக்கத்தில் தண்ணீர் அலம்பியது. மிதுனா. சுடிதாரோடு தண்ணீருக்குள், தோள் வரை நனைந்து, என்னோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். நடந்து. தண்ணீரைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கிற பெண். குனிந்து என் காதருகே, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"அம்மா. தரை இருக்கும்மா. காலை ஊனு."

ஊன்றினேன். இருந்தது.

எழுந்து நின்றேன். தண்ணீர் என் நெஞ்சளவுதான் நின்றது. கரையில் விசில். ஆதவன் வந்து கையைக் குலுக்கினான். "பதினோரு சுத்து ஆன்ட்டி. எங்க கோச்சுகூட இப்படி மூச்சு விடாம போக மாட்டாரு." நான் மூச்சு விட முடியாமல் இருந்ததால் பதில் சொல்லவில்லை. அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மிதுனா கரைப்பக்கம் திரும்பினாள். நான் அவள் கையை விடவில்லை.

"துணியெல்லாம் அங்க இருக்கும்மா. நாய் வருது."

"அப்பா பாத்துக்குவாரு" என்றேன். "ஏனுங்க, இங்க வாங்க. இந்தச் செருப்பெல்லாம் பாத்துக்குங்க." டோக்கன் கூப்பிடும் குரல். இவர் எழுந்து வந்தார். பின்னாலேயே பிரேமாவின் வீட்டுக்காரரும் ஷம்ஷாத்தின் வீட்டுக்காரரும் வந்தார்கள்.

அடுத்து ரேணு விழுந்தாள். நான் விழுந்ததெல்லாம் ஒரு விழுதலா? ஷம்ஷாத்தின் மகள்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஷம்ஷாத், முழு உடையோடு, ஒவ்வொரு படிக்கும் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கி, இறங்கியதும் ஆதவன் மேல் தண்ணீரை வாரி அடித்தாள். கடைசியில் பிரேமா. "மஸ்கட்டுல கடலே பக்கத்துல இருந்துச்சு கலா" என்றாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு. "பதினெட்டு வருஷமும் நான் கரையிலதான் உக்காந்திருந்தேன்."

மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான். அதுவரை பெஞ்சில் மூன்று ஆம்பளைகள் வரிசையாக, மடியில் துண்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு செருப்பு தொலைந்துவிட்டது. பிரேமாவின் வீட்டுக்காரருடையது. அவர் பழகாதவர், என்ன செய்வார்.

திரும்பும்போது வண்டியில் பின்சீட்டில் ரேணு தூங்கிவிட்டாள், குறட்டையும் மைக் செட்டுத்தான். மிதுனா என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"எப்பம்மா நீச்சல் கத்துக்கிட்டே?"

"சின்ன வயசுல."

"எந்த மாசம்?"

யோசித்துப் பார்த்தேன். "ஏப்ரல்" என்றேன்.

"எனக்கு ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்துரும். அதுக்குள்ள முடியுமா?"

"ரெண்டு கேன் வேணும்."

"வீட்டுல எடுத்து வெச்சுட்டேன்" என்றாள். பிறகு, ரொம்ப நேரம் கழித்து, "ராசாத்திக்கு எத்தன வயசும்மா அப்ப?" என்றாள்.

என் அண்ணன்களுக்கு வாயே நிற்காது. எங்கள் குடும்பமே அப்படி.

மே 19, திங்கள்

டோக்கன் எல்லாம் வரிசை மாறாமல் கூப்பிட்டேன்.

குழுவில் பிரேமா எழுதியிருக்கிறாள், 'கலா நேற்று பதினைந்து சுற்று.' ஷம்ஷாத் 'இருபது இருக்கும்' என்கிறாள். நான் திருத்தப்போவதில்லை. முப்பது வருஷம் முன்னால் சொன்ன பொய்க்கு இப்போது இத்தனை சாட்சி இருக்கிறது. இதற்குமேல் உண்மைக்கு என்ன வேண்டும்? குழுவில் நான்காவது ஆளாக ரேணுவைச் சேர்த்தேன். முதல் குரல் பதிவே போன் உடைகிற சத்தத்தில் வந்தது.

நாளை விடியலில் மிதுனாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன். "மாங்காயா?" என்று இவர் கேட்டார். "இல்லீங்க, நீச்சல்" என்றேன். முகம் மாறாமல், "படியில பாத்து எறங்கச் சொல்லு, கடைசி ரெண்டு படி எட்டாது அவளுக்கு" என்றார்.

கொடியில் அந்த நீலச் சட்டை காய்கிறது. முழங்கையில் சிவப்பு அப்படியே இருக்கிறது. மறுபடி எலுமிச்சை போடலாம் என்று எடுத்தேன். மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இருக்கட்டும்.